வெயிலை வீணாக்கும் செடிகள்

நமது சங்க அங்கத்தினருள் சோளம் விதைப்போரும் தக்காளி பயிரிடுவோரும் உளர். கடும் வெயில் மாதங்களில் சோளம் செழித்து நிற்க, வரப்பிற்கு அப்பால் தக்காளியின் வளர்ச்சி குன்றுவதை யாவரும் கண்டிருக்கிறோம். இதற்கு நீர்க்குறைவு மட்டுமே காரணமன்று. இலைக்குள் நிகழும் ஒரு வீண் செலவும் காரணமாகும்.

இலையானது காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஈர்த்து, வெயிலின் துணைகொண்டு சர்க்கரை ஆக்குகிறது. அவ்வாயுவைப் பிடித்துத் தரும் பணி 'ருபிஸ்கோ' என்னும் என்ஸைமுடையது. இப்பணியாள் சற்றுக் கவனக்குறைவானவர். ஏறத்தாழ ஐந்தில் ஒரு தடவை பிராணவாயுவைப் பிடித்துவிடுகிறார். அதனால் உண்டாகும் வேண்டாப் பொருளைச் சீர்செய்யச் செடி தான் சேர்த்ததையே செலவிடுகிறது. வெப்பம் ஏற ஏற இப்பிழை மிகும். சோளமும் கரும்பும் ருபிஸ்கோவைச் சுற்றிக் கரியமிலவாயுவைச் செறித்து வைத்து இதனைத் தவிர்த்துக்கொள்கின்றன. தக்காளிக்கும் பருத்திக்கும் நெல்லுக்கும் அவ்வசதி இல்லை.

அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக் கழகத்தில் ஆராய்ந்தோர் இதற்கு ஒரு வழி கண்டனர். வேண்டாப் பொருள் இலைச்செல்லின் பல அறைகளைச் சுற்றி வருவதாலேயே செலவு மிகுகிறது. எனவே ஒரு பாசியின் மரபணுவையும், நம் பக்கத்தில் அரசாணி என வழங்கும் பூசணியின் மரபணுவையும் புகையிலையில் புகுத்தி, ஒரே அறையில் வேலை முடியுமாறு குறுக்குவழி அமைத்தனர். வயலில் வளர்ந்த அச்செடிகளின் எடை சுமார் 40 சதவீதம் கூடியதாக 2019இல் அறிவித்தனர்.

புகையிலைக்கு இலையே வரவு. இலை பெருத்துக் காய் சிறுத்தால் நமக்கென்ன பயன்? 2022இல் உருளைக்கிழங்கில் இம்முறையைச் சோதித்தபோது, கடும் வெப்பத்திடையேயும் கிழங்கின் எடை 30 சதவீதம் கூடிற்று. புகையிலை, உருளைக்கிழங்கு, தக்காளி மூன்றும் ஒரே குடும்பத்தவை. ஆகவே கிணத்துக்கடவுச் சந்தைக்குத் தக்காளி அனுப்பும் நமக்கு இச்செய்தி அயலானதன்று.

ஆயினும் விளைச்சல் கூடினால் வருமானம் கூடிவிடுமா? விலையின்றிப் பழத்தைப் பறிக்காமலே விட்ட நாட்களை நாம் மறக்கவில்லை. ஆதலின், நீரைப் பற்றிய ஆராய்ச்சியையே நாம் பெரிதாக மதிக்கிறோம். 2018இல் வெளியான அதில், ஒரு மரபணுவின் வேலையைக் கூட்டிய புகையிலைச் செடிகள், அதே அளவு கரியமிலவாயுவை ஈர்க்க 25 சதவீதம் குறைவான நீரையே இழந்தன. ஆழ்குழாய்க் கிணற்றை மேலும் மேலும் ஆழப்படுத்தும் நமக்கு அதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

இவ்வகை விதை எதுவும் இன்னும் விற்பனைக்கு வரவில்லை. நம் நாட்டில் மரபணு மாற்றி வாணிபமாக விளைவது, 2002இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தி ஒன்றே. எவரேனும் இத்தகைய தக்காளி விதை தருவதாகக் கூறி முன்பணம் கேட்பின், தருமுன் சங்க அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டுகிறோம்.