முதல் காசு நாடாவுக்கு

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் ஹாமக் என்ற தொங்குபடுக்கை கட்டித் தூங்க ஆசைப்பட்டு இளைஞர்கள் வருகிறார்கள். படுக்கை எல்லோரிடமும் இருக்கிறது, அதை மரத்தில் கட்ட நல்ல நாடாதான் பலரிடம் இல்லை. என்னைக் கேட்டால் முதல் காசு நாடாவுக்குத்தான் போக வேண்டும். மெல்லிய கயிறு மரத்தோலை அறுத்துவிடும். நைலானோ நனைந்தால் நீளும், நள்ளிரவில் முதுகு தரை தட்டும். 1 அங்குலமாவது அகலமுள்ள பாலியஸ்டர் நாடா வாங்குங்கள். படுக்கையை நாடாவோடு இணைக்க, சாவிக்கொத்தில் மாட்டும் கொக்கி ஆகாது, ஆள் எடையைத் தாங்காது. மலையேற்றத்துக்கான காரபைனரில் அது தாங்கும் பளு கிலோநியூட்டன் கணக்கில் பொறித்திருக்கும், அதைப் பார்த்து எடுங்கள்.

எல்லோருக்கும் இழுத்துக் கட்டவே கை வருகிறது. நாடா கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சரிந்திருந்தால் 70 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு மரத்திலும் சுமார் 70 கிலோ இழுவை. 10 டிகிரிக்கு விறைப்பாக இழுத்துவிட்டால் அதுவே 200 கிலோ. தையலும் முடிச்சும் அங்கேதான் விட்டுப்போகின்றன. அளக்கக் கருவி வேண்டாம். ஆள்காட்டி விரலைக் கிடையாக நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். இரண்டு நுனிகளையும் சேர்க்கும் சரிவில் நாடா போனால் சரி.

“இவ்ளோ தொய்வா விட்டா வாழைப்பழமா வளைஞ்சு படுக்கணுமேண்ணா?” என்று ஒரு தம்பி கேட்டான். “நேரா படுக்காதடா, மூலைவாட்டுல படு” என்றேன். தலையை ஒரு பக்கமும் காலை எதிர்ப்பக்கமும் தள்ளிப் போட்டதும் முதுகு ஏறக்குறைய மட்டமானது, அவன் முகமே மாறிவிட்டது. அப்படிப் படுக்கத் துணி தாராளமாக இருக்க வேண்டும். சராசரி உயரத்துக்கு 11 அடி நீளம் எடுங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் குட்டைப் படுக்கை பகல் தூக்கத்துக்குத்தான் ஆகும்.

அடுத்த செலவு குளிருக்கு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். டிசம்பர் இரவில் மேலே எத்தனை கம்பளி போர்த்தினாலும் முதுகு விறைக்கும். ஸ்லீப்பிங் பேக்கின் பஞ்சு உடம்புக்கு அடியில் நசுங்கிவிடுகிறது. சூட்டைப் பிடித்து வைப்பது பஞ்சுக்குள் அடைபட்ட காற்றுதான், அது போனபின் பஞ்சு இருந்தும் பயனில்லை. படுக்கைக்கு வெளியே அடியில் தொங்கும் அண்டர்குவில்ட் இதற்கென்றே வந்தது, விலைதான் அதிகம். தொடக்கத்துக்கு, தோள் வரை மறைக்கும் ஃபோம் பாய் ஒன்றை உள்ளே விரித்தால் போதும். கொசுவலை அடிப்பக்கத்தையும் சேர்த்து மூட வேண்டும், மெல்லிய துணியைத் துளைத்தும் கொசு கடிக்கும்.

மழைக்கு, 10க்கு 10 அடி தார்ப்பாயை மூலைவாட்டில் கட்டினால் 14 அடி நீளத்துக்குக் கூரை கிடைக்கும். தார்ப்பாய்க்குள் வரும் நாடாவில் ஒரு துண்டு நூல் கட்டித் தொங்கவிடுங்கள். மரத்திலிருந்து வழியும் மழைநீர் படுக்கைக்கு வராமல் அங்கேயே சொட்டிவிடும்.

மரங்களுக்கிடையே 12 முதல் 15 அடி வசதியானது. கட்டுமுன் அண்ணாந்து பாருங்கள். இங்கே நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கின் கிளைகள் காற்றில் முறியும் ரகம், அடியில் படுக்கக் கூடாது. அந்த மரங்களில்தான் மிளகுக்கொடியும் ஏறியிருக்கும். நாடா இறுகினால் கொடியின் தண்டு நசுங்கிப் பட்டுப்போகும். கொடி ஏறாத மரம் எதுவென்று தோட்டக்காரரைக் கேட்டபிறகே கட்டுங்கள்.