வேனிலில் வேனில் போகிறீர்களா?

போன மாதம் ஒரு தம்பதி என் வைத்தியசாலைக்கு வந்திருந்தார்கள். அவர் வங்கியில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். அம்மாவுக்கு அறுபத்து மூன்று வயது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். மகன் கலிபோர்னியாவில் இருக்கிறான்.

"டாக்டர், பையன் கூப்பிடறான். அங்கே வீடு மாதிரியே ஒரு வண்டியாம். கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்காம். அதுல ஏறி மெக்சிகோவுல பாஜா கலிபோர்னியாங்கிற இடத்துக்குப் போகலாம்ங்கிறான். ஒரு பக்கம் பாலைவனம், மறுபக்கம் கடலாம். கயாக்குன்னு ஒரு சின்னப் படகு, அதுல நாமளே துடுப்பு போட்டுக்கிட்டுப் போகலாமாம். எங்க உடம்புக்கு ஒத்துக்குமா?"

நான் நாடி பார்த்தேன், நாக்கைப் பார்த்தேன். அப்புறம் அந்த அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "வெளியூர் போனா வழியில எவ்வளவு தண்ணி குடிப்பீங்கம்மா?"

அவர் சிரித்துவிட்டார். "வண்டியில ஏறினா நான் தண்ணியே குடிக்க மாட்டேன் டாக்டர். அங்கங்கே எறங்க முடியுமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்த என் பெரியக்காவை ஒரு மே மாதத்து மத்தியானத்தில் இழக்கத் தெரிந்தேன்.

கதைக்கு வருகிறேன். அதற்கு முன் இடத்தைச் சொல்லிவிட வேண்டும்.

பாலைவனக் கடற்கரையைப் பார்க்க மெக்சிகோ வரை போக வேண்டியதில்லை. தஞ்சாவூரில் வேன் ஏறினால் இரண்டு மணி நேரம் சொச்சத்தில் முத்துப்பேட்டை. பட்டுக்கோட்டை தாண்டும்வரை வயலும் தென்னந்தோப்புமாக வரும். அப்புறம் மண் நிறம் மாறும், காற்றில் உப்பு வாடை ஏறும். காவிரியின் கடைசிக் கிளைகளான பாமணியாறும் கோரையாறும் இங்கேதான் கடலைத் தொடுகின்றன. ஜாம்புவானோடையில் படகு ஏறினால் இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு. காடு முடிகிற இடத்தில் காயல் அகன்று விரியும். அங்கிருந்து கிழக்கே போனால் வேதாரண்யம் உப்பளம். கண்ணுக்கு எட்டியவரை மரம் கிடையாது, நிழல் கிடையாது, பச்சை கிடையாது. பாத்தி பாத்தியாகத் தண்ணீர், குவியல் குவியலாக உப்பு. இதைப் பாலைவனம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்ல? இன்னும் சுமார் 10 கி.மீ. போனால் கோடியக்கரை. வெளிமானும், குளிர்காலத்தில் பூநாரையும் அங்கே உண்டு. 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குப் பூங்குழலி படகு விட்ட இடம் என்றால் போதும், கண் விரியும்.

எங்கள் குடும்பமும் அந்த ஆசையில்தான் புறப்பட்டது. 2017-ம் வருஷம், மே மாதம், பிள்ளைகளுக்கு லீவு. வேனில் பதினான்கு பேர். அக்கா விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு காபி குடித்தார். அவ்வளவுதான்! முத்துப்பேட்டையில் மூன்று மணி நேரம் படகு. படகில் ஏது ஒதுங்க இடம்? அதனால் தண்ணீர் பாட்டிலை யார் நீட்டினாலும் "அப்புறம், அப்புறம்" என்று கை காட்டிவிட்டார். மத்தியானம் புளியோதரையில் இரண்டு வாய். இரண்டரை மணிக்கு உப்பளம் வந்து சேர்ந்தோம். பிள்ளைகள் இறங்கி உப்பை அள்ளி விளையாடின. அக்கா வேனிலேயே உட்கார்ந்துகொண்டார். டிரைவர் என்ஜினை நிறுத்திவிட்டார். ஏ.ஸி.யும் நின்றுவிட்டது.

"தலை சுத்துதுடா தம்பி" என்றார். பித்தம் என்று நினைத்து ஒரு எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்தேன். பத்து நிமிஷம் கழித்து என்னைப் பார்த்துக் கேட்டார்: "அம்மா சாப்பிட்டாச்சா?"

எங்கள் அம்மா காலமாகி அப்போது இருபது வருஷம் ஆகியிருந்தது.

அந்த ஒரு கேள்வியில்தான் எனக்குப் புத்தி வந்தது. நெற்றியைத் தொட்டால் கொதிக்கிறது. நான் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தவன். நாடி பிடிப்பதே என் தொழில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவின் கையைப் பிடித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை! வேனில் இருந்த தண்ணீரையெல்லாம் அவர் புடவைமேல் கொட்டினோம். துண்டை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து, செய்தித்தாளால் விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட்டினோம். அத்தான் பதற்றத்தில் சோடா பாட்டிலை அக்கா வாயில் கவிழ்க்கப் போனார். தடுத்துவிட்டேன். நினைவு தடுமாறுகிறவர் வாயில் எதை ஊற்றினாலும் மூச்சுக்குழாயில் போய்விடலாம். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். இரண்டு நாள் கழித்து அக்கா என்னைச் சரியான பேர் சொல்லிக் கூப்பிட்டார். அதுவரை நான் சாப்பிட்டது எதுவும் தொண்டையில் இறங்கவில்லை.

என்ன நடந்தது என்று விளக்குகிறேன்.

நம் உடம்பு சூட்டைத் தணிப்பது வியர்வையால். வியர்வை வழிவதால் அல்ல, காய்வதால்! கடும் வெயிலில் உழைக்கிறவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட வியர்க்கும். பாஜா போன்ற வறண்ட பாலைவனத்தில் வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடும். வியர்த்ததே தெரியாது; உடம்பு வற்றிக்கொண்டே போகும். நம் கடற்கரையில் நேர் எதிர். காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காயாது, உடம்பு தணியாது. தணியவில்லையே என்று உடம்பு இன்னும் வியர்க்கும். நீரும் போய், அதோடு உப்பும் போய், சூடு மட்டும் உள்ளேயே நிற்கும்.

வயதானவர்களுக்கு இன்னொரு சங்கடம். தாகம் என்கிற மணி அவர்களுக்கு மெதுவாகத்தான் அடிக்கும். அக்கா சாப்பிட்டதோ நீரைப் பிரித்து வெளியேற்றும் வகை பி.பி. மாத்திரை. உள்ளே வருவது இல்லை, போவது மட்டும் உண்டு என்றால் பானை என்னாகும்?

தலைசுற்றல், குமட்டல், கெண்டைக்காலில் குரக்களி, ஓய்ச்சல் இவையெல்லாம் முதல் கட்டம். நிழலில் படுக்க வைத்து, உடுப்பைத் தளர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தால் அரை மணியில் தெளிந்துவிடும். பேச்சு மாறுவது, ஆள் அடையாளம் தெரியாமல் போவது, மயக்கம், வலிப்பு இவை இரண்டாம் கட்டம். உடம்புச் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். இது உயிர் போகிற நிலை. 108-ஐக் கூப்பிடுங்கள், வண்டி வரும்வரை உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே இருங்கள். அங்கே கஷாயம், சூரணம் என்று நேரத்தை வீணாக்காதீர்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்.

சித்த மருத்துவ நூல்கள் நிலத்தைப் பிரித்துக் குணம் சொல்கின்றன. வயலும் வாய்க்காலுமான மருதம் உடம்புக்கு உகந்தது. கடலோர நெய்தல் அவ்வளவு இசைவானதல்ல. தஞ்சாவூர்க்காரர்கள் நாம் மருதத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். திரும்பின பக்கமெல்லாம் தண்ணீர் கிடைத்துப் பழகியவர்கள். அதனால்தானோ என்னவோ, செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கிளம்பும் வழக்கம் நம்மில் குறைவு!

அலையாத்தி மரத்தைப் பாருங்கள். உப்புத் தண்ணீரிலேயே நின்று பிழைக்கிறது. வேண்டாத உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடும். படகில் போகும்போது இலையைப் பறிக்காமல், விரலால் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். நமக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதை வெளியேற்ற நம் சிறுநீரகம் அதைவிட அதிகத் தண்ணீரைச் செலவழிக்க வேண்டும். கடல் நீரைக் குடித்தால் தாகத்தில் இன்னும் சீக்கிரம் சாவோம் என்பது இதனால்தான்.

சரி, எதைக் குடிப்பது? நீர்மோர் நல்லது. இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம், அளவான உப்பு. காலையில் புறப்படும் முன் பழைய சோற்று நீராகாரம் ஒரு சொம்பு குடித்தால் இன்னும் நல்லது. நம் உழவர்கள் கோடை உழவுக்கு அதைக் குடித்துவிட்டுத்தான் இறங்கினார்கள். வெட்டிவேர் ஊறிய பானைத் தண்ணீர் வாசனைக்கும் ஆயிற்று, குளிர்ச்சிக்கும் ஆயிற்று. நன்னாரி சர்பத் குடிக்கலாம், ஆனால் கடையில் விற்பது முக்கால்வாசி சர்க்கரைப் பாகு. நீரிழிவுக்காரர்கள் நன்னாரி வேரை ஊறவைத்த தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளவும். இளநீர் அருமருந்துதான். என்றாலும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சிலவகை பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் இரண்டு மூன்று என்று குடிக்கக் கூடாது. அதிலுள்ள பொட்டாசியம் ரத்தத்தில் தங்கிவிடும்.

நாக்கு வறண்டு, ஓய்ச்சல் தட்டுகிறது என்றால் உப்புச் சர்க்கரைக் கரைசல். காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலைதட்டிய டீஸ்பூனால் ஆறு சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பை மட்டும் கூட்டிவிடாதீர்கள். பி.பி. மாத்திரையைப் பயணத்துக்காக நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். குடித்தது போதுமா என்று பார்க்கச் சுலப வழி, சிறுநீரின் நிறம். வைக்கோல் நிறம் என்றால் கவலையில்லை. தேநீர் நிறத்தில், கொஞ்சமாகப் போனால் உடம்பு வற்றுகிறது என்று அர்த்தம்.

இப்போது நம் வீடுகளில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம். ஆண்கள் வண்டியை நிறுத்தச் சொல்லி எந்த மரத்தடியிலும் ஒதுங்கிக்கொள்கிறார்கள். பெண்கள்? காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு, அதற்காகவே தண்ணீரையும் விட்டுவிடுகிறார்கள். ஊருக்குத் திரும்பியதும் நீர்க்கடுப்பு என்று என்னிடம் வருகிறவர்கள் எத்தனை பேர் தெரியுமா? சிறுநீரைத் தடுத்தல் ஆகாது என்பது சித்த மருத்துவத்தின் பால பாடம். பதினான்கு வேகங்களை அடக்கக் கூடாது என்று படித்த எனக்கே, அக்கா எதை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று உறைக்கவில்லை. ஆகவே, குடும்பத் தலைவர்களே! பயணத் திட்டம் போடும்போது எந்தக் கோயில், எந்த ஓட்டல் என்று எழுதுவதுபோல எங்கே கழிப்பறை என்றும் எழுதுங்கள். பட்டுக்கோட்டையில் ஒரு முறை, படகு ஏறும் முன் முத்துப்பேட்டையில் ஒரு முறை, வேதாரண்யம் ஊருக்குள் ஒரு முறை. பெட்ரோல் பங்க்கில் நிறுத்தச் சொல்லி டிரைவரிடம் நீங்களே கேளுங்கள். அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கோடையில் போகாதீர்கள் என்பேன். தை, மாசியில் போனால் பறவைகளும் இருக்கும், வெயிலும் தாங்கும். லீவு இல்லையே, மே மாதம்தான் முடியும் என்கிறீர்களா? அப்படியானால் உப்பளத்தை விடிந்ததும் பாருங்கள், பதினோரு மணிக்கு மேல் நிழலுக்கு வந்துவிடுங்கள். உப்பளத் தொழிலாளர்களைக் கவனித்திருக்கிறேன். இருட்டோடு வந்து, வெயில் ஏறுமுன் பெரும்பாலான வேலையை முடித்துவிடுவார்கள். வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும். கூலிங் கிளாஸ் அங்கே அலங்காரம் அல்ல, அவசியம். குடை, தொப்பி, முழுக்கைப் பருத்திச் சட்டை இருக்கட்டும்.

ராஜாஜி 1930-ல் திருச்சியிலிருந்து ஏப்ரல் 13-ம் தேதி கிளம்பி, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வழியாக 28-ம் தேதி வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார். சித்திரை வெயிலில் சுமார் 240 கி.மீ. நடை! தொண்டர்களுக்குச் சோறும் இடமும் கொடுக்கக் கூடாது என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். நம் ஜனங்கள் சாதப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். நமக்கோ வேனும் டிபன் கேரியரும் இருக்கின்றன. இருந்தும் ஒரு எச்சரிக்கை: காலையில் கிளறிய சாதத்தைச் சூட்டோடு மூடி, வெயிலில் நிற்கும் வேனில் வைத்தால் கிருமி பெருகி வாந்தி பேதியில் கொண்டுபோய் விடும். ஆறவைத்துக் கட்டுங்கள். புளியோதரை தாங்கும். தேங்காய்ச் சட்னி தாங்காது.

படகில் வாந்தி வருகிறவர்கள் முக்கால் மணி முன்னதாக ஒரு துண்டு இஞ்சியை மென்று, வெறும் வயிற்றோடும் நிறை வயிற்றோடும் இல்லாமல் ஏறட்டும். பார்வை தூரத்தில் இருக்கட்டும், செல்போனில் வேண்டாம். உயிர்காப்புச் சட்டையைப் புழுக்கம் என்று கழற்றாதீர்கள். கடலில் கால் நனைக்கும்போது சொறி எனப்படும் ஜெல்லி மீன் பட்டுவிட்டால் தேய்க்கக் கூடாது. நல்ல தண்ணீர் விட்டுக் கழுவவும் கூடாது, கடல் நீராலேயே அலம்புங்கள். பாம்பு கடித்தால் கீறுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் நேரே ஆஸ்பத்திரி.

கயாக் ஆசை நம்மூரிலேயே தீரும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால், ராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காட்டில், அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையே கயாக் விடுகிறது. மடிந்து உட்கார்ந்து துடுப்பு போடுவது தோளுக்கும் இடுப்புக்கும் வேலை. தோள்வலி, முதுகுத் தண்டுவட வலி உள்ளவர்களும், சமீபத்தில் இதயச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் கரையிலிருந்து கையசைத்தால் போதும்.

அந்தத் தம்பதிக்கு என்ன சொன்னேன்? "தாராளமா போயிட்டு வாங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு தடவை இங்கேயே கோடியக்கரைக்குப் போய்ப் பழகிட்டு வாங்க" என்றேன். அந்த அம்மா யோசித்துவிட்டு, "பையன் சொன்ன வண்டியில பாத்ரூம் உள்ளேயே இருக்கு டாக்டர், அங்கே பயமில்லாம குடிப்பேன். இங்கேதான்..." என்று இழுத்தார். கணவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "பட்டுக்கோட்டைக்கு அப்புறம் எங்கேன்னு சொன்னீங்க டாக்டர்?"