தேயிலைச் செடியும் லத்தீன் பாஷையும்

உதகைக்கு அருகே கிளென்மார்கனில் பச்சைப் பசேலென்று தேயிலைத் தோட்டங்கள். அந்தச் செடிக்குத் தாவர நூலார் இட்ட பெயர் ‘கமேலியா சினென்சிஸ்’. சினென்சிஸ் என்றால் ‘சீன தேசத்தது’. பார்த்தீர்களா, சகோதரிகளே! தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு லத்தீன் சொல் கற்றுவிட்டீர்கள்!

பழமொழி வழியே போனால் இன்னும் சுலபம். ‘மானுஸ் மானும் லாவட்’: கை கையைக் கழுவும். ஒரு கை தட்டினால் ஓசை எழாது என்று நாம் சொல்கிறோமே, அந்த ஜாதிதான். கழுவுகிற கை ‘மானுஸ்’; கழுவப்படும் கை ‘மானும்’. நாம் ‘ஐ’ சேர்க்கும் இடத்தில் அவர்கள் ‘ம்’ சேர்க்கிறார்கள். இரண்டாம் வேற்றுமை முடிந்தது!

‘சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்’ என்ற நரியின் கதையை முதல் நூற்றாண்டிலேயே ஃபீட்ரஸ் லத்தீனில் எழுதினார். கதை தெரிந்தவர்களுக்குப் பாதி அர்த்தம் தானே விளங்கும்.

1857-ல் தோன்றிய சென்னைப் பல்கலைக் கழகத்தின் சின்னத்தைப் பாருங்கள். ‘டாக்ட்ரினா விம் ப்ரமோவெட் இன்சிடம்.’ ‘விம்’ என்பதில் அதே ‘ம்’! ‘உள்ளே இருக்கும் ஆற்றலைக் கல்வி வளர்க்கிறது’ என்று பொருள்.

அந்த ஆற்றல் கல்லூரி வாசலை மிதித்தவர்களுக்கு மட்டுமா சொந்தம்? பிள்ளை பட்டம் வாங்கி வரும் அன்று, அம்மாவே அந்த வாசகத்துக்கு அர்த்தம் சொல்லட்டுமே!