வேகம் பிறப்பது பிரேக் மிதியில்

செப்பாங் பந்தயத் தடத்தின் நீளம் 5.543 கிலோமீட்டர். மொத்தம் 15 வளைவுகள். கடைசி வளைவு கொண்டை ஊசி போல மடங்கும். அதற்கு முன்னால் நீண்ட நேர்ச்சாலை. நீங்கள் வீட்டில் கணினி முன் அமர்ந்து, இணையப் பந்தயம் ஒன்றில் இந்தத் தடத்தில் கார் ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எதிராளிக்கும் அதே கார், அதே டயர், அதே எஞ்சின்தான். ஆனாலும் ஒவ்வொரு சுற்றிலும் அவர் உங்களை ஒரு வினாடி முந்திவிடுகிறார்.

“அவரிடம் விலை உயர்ந்த ஸ்டீயரிங் இருக்கும். எனக்கும் அப்படி ஒன்று வேண்டும்” என்று அப்பாவிடம் கேட்கத் தோன்றும். அந்தச் சாதனங்கள் சில நூறு ரிங்கிட்டில் தொடங்கிப் பல ஆயிரம் ரிங்கிட் வரை விற்கப்படுகின்றன. கேட்பதற்கு முன், அந்த ஒரு வினாடி எங்கே தொலைந்தது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போமா? பள்ளியில் படிக்கும் இயற்பியலே இதற்குப் போதும்.

தொலைந்த 15 மீட்டர்

நேர்ச்சாலையில் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறீர்கள். வளைவில் திரும்ப வேகம் 80-க்குக் குறைய வேண்டும். டயர் தரையை நன்றாகப் பற்றியிருக்கும்போது, பிரேக் காரின் வேகத்தை ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 9.8 மீட்டர் வீதம் குறைக்கும் என்று கொள்வோம். அப்படியானால் உங்களுக்குத் தேவைப்படும் தூரம் ஏறத்தாழ 132 மீட்டர்.

இப்போது பிரேக்கைப் பத்து விழுக்காடு குறைவாக அழுத்துங்கள். தேவைப்படும் தூரம் 147 மீட்டராகிவிடும். எனவே 15 மீட்டர் முன்னதாகவே பிரேக் போட வேண்டியிருக்கும். எதிராளியோ அந்த 15 மீட்டரையும் முழு வேகத்தில் கடந்துவிடுவார். இதனால் நீங்கள் இழக்கும் நேரம் பத்தில் ஒரு பங்கு வினாடி. இதே இழப்பு பத்து இடங்களில் நேர்ந்தால்? அந்த ஒரு வினாடி கிடைத்துவிட்டது!

அப்படியானால் முழு பலத்தோடு மிதித்துவிடலாமே என்று கேட்பீர்கள். அதுவும் ஆகாது. டயரின் பிடிமானத்தைவிடப் பிரேக்கின் விசை மிகுந்தால் சக்கரம் சுழல்வது நின்று, கார் வழுக்கத் தொடங்கும். வழுக்கும் டயருக்குப் பிடிமானம் குறைவு. ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாது. வழுக்கும் எல்லைக்குச் சற்று முன்பு வரை அழுத்தி, அங்கேயே நிறுத்திப் பிடிப்பதுதான் திறன்.

டயருக்கும் உண்டு கைச்செலவுப் பணம்

வளைவுக்குள் நுழையும்போது டயருக்கு இரண்டு வேலைகள். ஒன்று, வேகத்தைக் குறைப்பது. மற்றொன்று, காரைத் திருப்புவது. இரண்டுக்கும் ஒரே பிடிமானத்திலிருந்துதான் செலவு செய்தாக வேண்டும்.

இந்த வரவு செலவு சாதாரணக் கழித்தல் கணக்கு அல்ல. இரு விசைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை என்பதால் பைதாகரஸ் தேற்றம் வந்துவிடுகிறது. டயரின் மொத்தப் பிடிமானம் 10 என்றால், பிரேக்குக்கு 8 செலவானாலும் திருப்புவதற்கு 6 மிஞ்சும். 6, 8, 10 என்ற செங்கோண முக்கோணம் நினைவிருக்கிறதல்லவா? பிரேக்குக்கே 10-ஐயும் செலவழித்தால் திருப்ப ஒன்றும் மிஞ்சாது.

அதனால் தேர்ந்த ஓட்டுநர்கள் பிரேக்கைச் சட்டென்று விடுவதில்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பத் திருப்ப, பிரேக்கைச் சிறிது சிறிதாகத் தளர்த்துவார்கள். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. பிரேக் போடும்போது காரின் பாரம் முன் சக்கரங்களின் மேல் சாய்கிறது. அவற்றின் பிடிமானம் கூடுகிறது. பிரேக்கை ஒரேயடியாக விட்டால் முன்பக்கம் எழும்பி, காருக்குத் திரும்ப மனம் வராது.

அடுத்தது, போகும் பாதை. வளைவின் வெளி ஓரத்திலிருந்து நுழைந்து, நடுவில் உள் ஓரத்தைத் தொட்டு, மீண்டும் வெளி ஓரத்துக்குச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். வட்டப்பாதையில் செல்லத் தேவையான மையநோக்கு விசையைத் தருவது டயரின் பிடிமானமே. முன்பு கொண்ட அதே பிடிமானத்தில், 50 மீட்டர் ஆரமுள்ள பாதையில் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாது. ஆரத்தை 100 மீட்டராக்கினால் 113 வரை போகலாம். சாலையின் முழு அகலத்தையும் பயன்படுத்துவது அழகுக்காக அல்ல, ஆரத்தைப் பெரிதாக்கத்தான்.

காசு இருந்தால் முதலில் எது?

இனிச் சாதனங்களுக்கு வருவோம். பலரும் ஸ்டீயரிங்குக்கே பணத்தைக் கொட்டுகிறார்கள். மேலே போட்ட கணக்கு வேறு பதிலைச் சொல்கிறது.

மலிவான பிரேக் மிதி, அது எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதை அளக்கிறது. உண்மையான காரில் நடப்பது வேறு. பிரேக் கட்டைகள் தட்டைத் தொட்ட பிறகு மிதி அதிகம் நகராது. எவ்வளவு விசையோடு அழுத்துகிறோம் என்பதே வேகக் குறைப்பைத் தீர்மானிக்கிறது. ‘லோட் செல்’ பொருத்திய மிதி இந்த விசையை அளக்கிறது. அதற்குள் ஓர் உலோகத் துண்டும், அதன்மேல் ஒட்டிய மெல்லிய மின்கம்பி வலையும் இருக்கும். அழுத்தும்போது உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். கம்பி நீளும், அதன் மின்தடை மாறும். அந்த மாற்றத்திலிருந்து விசையைக் கணினி அறிந்துகொள்கிறது. நம் கடைகளில் உள்ள மின்னியல் தராசும் இதே முறையில்தான் வேலை செய்கிறது.

ஒரு சிக்கல் உண்டு. அத்தகைய மிதியை நீங்கள் முன்னால் அழுத்தினால், அது உங்களைப் பின்னால் தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதி! உருளும் நாற்காலியில் அமர்ந்திருந்தால் சுவர் வரை போய்விடுவீர்கள். சக்கரமில்லாத நாற்காலியைச் சுவரில் சாய்த்துப் போடுங்கள். மிதிப் பலகையையும் நாற்காலிக் காலையும் ஓர் உறுதியான பட்டையால் கட்டலாம். செலவு அதிகமில்லாத முன்னேற்றம் இது.

ஸ்டீயரிங்கில் மூன்று வகைகள் உள்ளன. பற்சக்கரத்தால் இயங்குவது, பட்டையால் இயங்குவது, மோட்டாரின் அச்சிலேயே நேராகப் பொருத்தியது. முதல் வகை ஏறத்தாழ 2 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தரும். மூன்றாம் வகையில் 5, 8, அதற்கு மேலும் உண்டு. 8 நியூட்டன் மீட்டர் என்றால், 15 சென்டிமீட்டர் ஆரமுள்ள ஸ்டீயரிங்கின் விளிம்பில் ஐந்தரைக் கிலோ எடை தொங்குவது போன்ற இழுப்பு.

இந்த இழுப்பு விளையாட்டுக்காகச் சேர்த்த அதிர்வு அல்ல. வளைவில் டயர் தானாகவே நேராகத் திரும்ப முயலும். அந்த முயற்சியைத்தான் உங்கள் கை உணர்கிறது. டயர் தன் எல்லையை நெருங்கும்போது, முழுப் பிடிமானமும் தீர்வதற்குச் சற்று முன்பே, இந்த இழுப்பு குறையத் தொடங்கும். ஸ்டீயரிங் திடீரென்று இலேசானால் அது ஓர் எச்சரிக்கை. அந்த நேரத்தில் மேலும் திருப்பாதீர்கள், வேகத்தைக் குறையுங்கள். இழுப்பின் அளவை அமைப்பில் மிக அதிகமாக வைத்தாலும் கெடுதல்தான். மோட்டார் உச்சத்தில் முட்டி நின்றுவிடும். நுண்ணிய மாற்றங்கள் கைக்கு எட்டாது.

செலவே இல்லாத ஒன்று, திரையின் பார்வைக் கோணம். 60 சென்டிமீட்டர் அகலமுள்ள திரை கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டர் தொலைவில் இருந்தால், அது உங்கள் பார்வையில் 53 பாகை இடத்தைப் பிடிக்கிறது. விளையாட்டிலும் அதே கோணத்தை வைத்தால்தான் தூரமும் வேகமும் உண்மையாகத் தெரியும். அகலமாகத் தெரியட்டும் என்று கூட்டி வைத்தால், வளைவு இருப்பதைவிடத் தூரத்தில் இருப்பதாகக் கண் ஏமாறும்.

இணையத்தின் தாமதம்

கண்ணாடி இழைக் கம்பிக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. 10,000 கிலோமீட்டருக்கு அப்பால் ஐரோப்பாவில் உள்ள ஒரு சர்வருக்குப் போய்த் திரும்பக் குறைந்தது பத்தில் ஒரு பங்கு வினாடி ஆகும். அதற்குள் 200-இல் செல்லும் கார் ஐந்தரை மீட்டர், அதாவது ஒரு காரின் நீளத்துக்கும் மேல், நகர்ந்துவிடும்.

எனவே உங்கள் திரையில் தெரியும் எதிராளியின் கார் ஓர் ஊகமே. கடைசியாக வந்த தகவலில் அது எங்கே, எந்த வேகத்தில், எத்திசையில் சென்றது என்பதைக் கொண்டு, இப்போது எங்கே இருக்கும் என்று கணினி கணிக்கிறது. அவர் திடீரென்று பிரேக் போட்டால் கணிப்பு தவறிவிடும். பக்கத்தில் ஓட்டும்போது ஒரு கார் அகல இடைவெளி விடுங்கள். முடிந்தால் வைஃபைக்குப் பதில் கம்பி இணைப்பைப் பயன்படுத்துங்கள்.

20 சுற்று, ஒரு மாற்றம்

பயிற்சியை ஓர் அறிவியல் சோதனையைப் போல நடத்துங்கள். ஒரே கார், ஒரே தடம், 20 சுற்றுகள். சாலையோரம் உள்ள 100 மீட்டர் பலகை போன்ற ஓர் அடையாளத்தைப் பிரேக் போடும் இடமாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் எழுதுங்கள். நேரங்கள் ஒன்றுக்கொன்று நெருங்கி வரும்வரை எதையும் மாற்றாதீர்கள். பிறகு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பல விளையாட்டுகள் பிரேக், ஆக்சிலரேட்டர், வேகம் ஆகியவற்றை வரைபடமாகக் காட்டும். உங்கள் மிகச் சிறந்த சுற்றையும் மோசமான சுற்றையும் அதில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்தத் திறன் திரையோடு நின்றுவிடுவதில்லை. 2008-இல் தொடங்கிய ‘ஜிடி அகாடமி’ போட்டி, கிரான் துரிஸ்மோ விளையாடியவர்களை உண்மையான பந்தயத்துக்கு அனுப்பியது. 2011-இல் அதை வென்ற பிரிட்டிஷ் இளைஞர் ஜான் மார்டன்பரோ, இரண்டே ஆண்டுகளில் பிரான்சின் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தம் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தார். 2023-இல் சிங்கப்பூரில் நடந்த ஒலிம்பிக் மின்விளையாட்டு வாரத்திலும் கிரான் துரிஸ்மோ இடம்பெற்றது.

அதே மார்டன்பரோவின் வாழ்வில் இன்னொரு நாளும் உண்டு. 2015-இல் ஜெர்மனியின் நூர்பர்கிரிங் தடத்தில், ஒரு மேட்டில் அவருடைய காரின் முன்பகுதி காற்றில் எழும்பியது. கார் வேலியைத் தாண்டி விழுந்ததில் பார்வையாளர் ஒருவர் உயிரிழந்தார். திரையில் அப்படி நடந்தால் ஒரு பொத்தானை அழுத்தி மீண்டும் தொடங்கலாம்.

மலேசியாவில் 17 வயதிலும் சிங்கப்பூரில் 18 வயதிலும் காரோட்டும் உரிமம் பெறலாம். உங்களில் பலர் அந்த வயதை நெருங்குகிறீர்கள். சிமுலேட்டர் உங்கள் கண்ணுக்கும் காலுக்கும் பயிற்சி தரும். உடலை அழுத்தும் விசையையோ, தவறினால் என்ன ஆகும் என்ற அச்சத்தையோ அது தராது. ஆனால் அதில் நீங்கள் போட்ட கணக்கு சாலையிலும் செல்லும்: வேகம் இரு மடங்கானால், நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகும். மழை நாளில் அதற்கும் மேல்.