சீட்டில் தூங்கும் பூனை

கிழக்குத் தாம்பரத்தில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பெஞ்சில் இடம் கிடைக்காது. அன்றைக்கு எங்கள் தெரு அண்ணன் ஒருவர் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார். மெப்ஸில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறவர். கிளாஸ் பாதி காலியாகும் வரை கிரிக்கெட் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“பொண்ணுக்கு மன அழுத்தமாம் தம்பி. அவளேதான் சொல்றா. மூணு அரியர் வெச்சிருக்கா, அதனாலதான். ஊருக்கு ஒரு நடை கூட்டிட்டுப் போய்ட்டு வந்தா சரியாயிடும்ல?”

“பொங்கலுக்குப் போனீங்களே?”

“போனோம். அங்கயும் போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டுப் படுத்தேதான் கிடந்தா.”

சிக்கல் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஸ்ட்ரெஸ் என்றாலும் மன அழுத்தம், டிப்ரஷன் என்றாலும் மன அழுத்தம் என்றுதான் நாம் பேசுகிறோம், பத்திரிகைகளிலும் பாதி நேரம் அப்படித்தான் வருகிறது. மருத்துவர்கள் டிப்ரஷனை மனச்சோர்வு என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லும் திருப்தி இல்லை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் அசதி மாதிரி ஒலிக்கிறது. பெயர் ஒன்றாகிப்போனதால் ஒன்றுக்கான வைத்தியத்தை மற்றொன்றுக்குச் செய்துகொண்டிருக்கிறோம்.

அண்ணனுக்கு ரயிலை வைத்துச் சொன்னேன். காலை எட்டரை மணிக்கு பீச் போகும் வண்டியில் ஏறினால் குரோம்பேட்டை தாண்டுவதற்குள் மூச்சு முட்டும். கிண்டியில் பாதிக் கூட்டம் இறங்கியதும் தோள் தானாகத் தளரும். ஸ்ட்ரெஸ் அப்படி. பாரம் வெளியே இருக்கிறது, அது இறங்கினால் ஆளும் தேறிவிடுவார். மனச்சோர்வில் பெட்டியே காலியானாலும் நெரிசல் போகாது. ஊருக்குப் போனாலும் கூடவே வரும்.

வெளியே இருக்கும் பாரத்தைக் குறைக்க அரசாங்கத்தாலும் முடியும், நம் ஊரிலேயே அதற்குச் சாட்சி உண்டு. முன்பெல்லாம் பிளஸ் டூவில் ஒரு பாடம் போனால் ஒரு வருஷமே போச்சு. இப்போது ரிசல்ட் வந்த சில வாரங்களில் துணைத் தேர்வு எழுதி, அதே வருஷம் கல்லூரியில் சேர்ந்துவிடலாம். 2017-ல் பொதுத்தேர்வு ரேங்க் பட்டியலையும் நிறுத்தினார்கள். தேர்வு முடிவு நாளில் வீடுகளில் இருந்த பயம் கொஞ்சமாவது இறங்கியதில் இவற்றுக்குப் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

அண்ணன் மகளுடைய கதை வேறு. “எத்தனை நாளா இப்படி?” என்று கேட்டேன். அவருக்குத் தேதி தெரியவில்லை. வண்டியை வைத்துக் கணக்குச் சொன்னார். அடம்பிடித்து வாங்கிய ஸ்கூட்டர், தெருமுனைக்குப் பால் வாங்கப் போகக்கூட அதைத்தான் எடுப்பாள். ரெண்டு மாசமாகத் தொடவில்லை. சீட்டில் தூசி, அந்தத் தூசியில் ஒரு பூனை வட்டமாகச் சுருண்டு தூங்குகிறது. நானும் பார்த்திருக்கிறேன், சாம்பல் நிறப் பூனை.

டாக்டர்கள் முதலில் கேட்பதும் ஏறக்குறைய இதைத்தான். பிடித்த விஷயத்தில் ஆசை விட்டுப்போய், மனசு சுருண்டு கிடப்பது இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் நீடிக்கிறதா? கூடவே தூக்கம் கெட்டிருக்கிறதா, அல்லது தூக்கமாகவே இருக்கிறதா? சாப்பாடு? ‘நான் எதுக்கும் லாயக்கில்லை’ என்ற பேச்சு வருகிறதா? இளவயசுக்காரர்களிடம் இது அழுகையாக வரவேண்டும் என்பதில்லை. எரிச்சலாக வரும், தலைவலி, வயிற்றுவலியாக வரும், குளிக்காமல் இருப்பதாகக்கூட வரும். வீட்டில் அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர்.

“அரியர் வந்ததாலதானே தம்பி இதெல்லாம்?”

“அரியர் முதல்ல வந்துச்சா, இது முதல்ல வந்துச்சான்னு பாருங்கண்ணே. புத்தகத்துல ஒரு பக்கம் படிச்சா மனசுல நிக்காதது இந்த நோயோட குணம். அரியரே இதனால வந்திருக்கலாம்.”

அவர் வெகுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, “நம்ம வீட்ல மட்டும் ஏன்?” என்றார். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16-ல் எடுத்த கணக்கெடுப்பில், 13 முதல் 17 வயதுக்குள் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. நாற்பது பேர் உட்காரும் வகுப்பில் ஏறக்குறைய மூன்று பேர்.

“எப்பவும் எதையாவது யோசிச்சுக்கிட்டே இருக்கா” என்றும் சொன்னார். ஜிம்பாப்வேயில் ஷோனா மொழியில் இதற்கு ‘குஃபுங்கிசிசா’ என்று பெயர், அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். அங்கே மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். டிக்சன் சிபாண்டா என்ற மருத்துவர் 2006-ல் 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையங்களுக்கு வெளியே மர பெஞ்சில் உட்கார வைத்தார். வருகிறவர் பேசுவார், பாட்டி கேட்பார், பிரச்சினைகளில் ஒன்றை மட்டும் எடுத்து அதற்கு என்ன செய்யலாம் என்று இருவரும் சேர்ந்து யோசிப்பார்கள். 2016-ல் வெளியான ஆய்வு, இதில் நல்ல பலன் இருப்பதாகக் காட்டியது. நம் வீட்டில் பேச்சு கிடைக்கிறது, காதுதான் கிடைப்பதில்லை. “உனக்கென்ன குறை, சோறு இல்லையா, ஃபீஸ் கட்டலையா?” என்று ஆரம்பித்தால் பிள்ளை அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும்.

கேட்கப் பயப்படும் கேள்வி ஒன்று உண்டு. “சாகணும்னு தோணுதாம்மா?” கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோம் என்று பெற்றவர்கள் நடுங்குகிறார்கள். கிளப்பிவிடாது. உள்ளே அடைபட்டுக் கிடப்பதைச் சொல்ல அதுவே வழிவிடும். ஆமாம் என்றால் திட்டக்கூடாது, தனியாக விடக்கூடாது, வீட்டிலுள்ள மாத்திரை, மருந்துகளைப் பூட்டி வைத்துவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போகவேண்டும். 14416 என்ற இலவச எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் எண் 044-24640050. இரண்டையும் அவர் போனில் பதிந்துகொண்டார். எந்தப் பெயரில் பதிந்தார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

நேரில் காட்டுவதற்குச் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, மின்சார ரயிலிலேயே போய்விடலாம். இன்னொன்று 1794-ல் ஆரம்பித்த கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம். அதன் விலாசம் மேடவாக்கம் டேங்க் ரோடு. நம்ம பக்கத்து மேடவாக்கம் என்று நினைத்து வேளச்சேரி ரோட்டில் ஆட்டோ பிடித்துவிடக்கூடாது.

“கீழ்ப்பாக்கம்னா நாலு பேர் என்ன பேசுவாங்க?” என்றார். சானடோரியம் ஸ்டேஷனை உதாரணம் காட்டினேன். டாக்டர் சௌரி முத்து 1928-ல் தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது. காசநோய் என்றால் பெண் கொடுக்க மாட்டார்கள், வீட்டில் தனித் தட்டு வைப்பார்கள், அது ஒரு காலம். இன்றைக்கு ‘சானடோரியத்தில் சொந்த வீடு’ என்று கல்யாணத் தரகர் பெருமையாகச் சொல்கிறார்.

எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது, லேசாக இருந்தால் ஆலோசனையே போதும். பிறகு செங்கல்பட்டில் காட்டியபோது, அவர் மகளுக்கு டாக்டர் இரண்டுமே சொன்னார். இந்த மாத்திரை தலைவலி மாத்திரை மாதிரி அரை மணியில் வேலை செய்யாது. தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும். சின்ன வயசுக்காரர்களை அந்த ஆரம்ப வாரங்களில் கூடுதலாகக் கவனித்துக்கொள்ள வேண்டும். தேறிவிட்டது என்று நாமாக நிறுத்தவும் கூடாது.

போன புதன்கிழமை டீக்கடையில் பார்த்தேன். மாத்திரை ஆரம்பித்துப் பத்து நாளாம். “ராத்திரி கொஞ்சம் தூங்கறா. ஆனா பூனை இன்னும் சீட்லயேதான் படுத்திருக்கு தம்பி” என்றார். அடுத்த வாரமும் லீவு சொல்லியிருக்கிறாராம், மறுபடி செங்கல்பட்டு போகவேண்டும்.