குடும்பத்துப் போட்டோக்காரர்

திருப்பூரில் பனியன் கம்பெனிகள் பெருகிவந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை மாலை வேளையில் போட்டோ ஸ்டுடியோக்களின் வாசலில் ஒரு காட்சியைக் காணலாம். வாரம் ஆறு நாளும் ஓவர்லாக் மிஷினின்முன் குனிந்திருந்த தொழிலாளி, அன்று மட்டும் வெளுத்த சட்டை அணிந்து, மனைவி மக்களுடன் வந்து நிற்பார். குழந்தைக்கு எண்ணெய் தடவித் தலைவாரி, நெற்றியில் பெரிய பொட்டு இட்டிருப்பார்கள். சித்திரம் எழுதிய திரைச்சீலையின்முன் அவர்களை நிறுத்தி, "சற்று நிமிர்ந்து நில்லுங்கள்" என்பார் போட்டோக்காரர். அந்தப் படம் தேனிக்கோ இராமநாதபுரத்திற்கோ தபாலில் போகும். மகன் இளைத்திருக்கிறானா, பேரன் வளர்ந்திருக்கிறானா என்பதை ஊரிலுள்ள தாயார் அந்த அட்டையைப் பார்த்தே தெரிந்துகொள்வார்.

இன்று அக்காட்சி அரிதாகிவிட்டது. ஒவ்வொருவர் கையிலும் காமிராவுடன் கூடிய போன் இருக்கிறது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இங்கே உழைக்கும் இளைஞர்கள், தங்கள் முகத்தை ஒரு கணத்தில் ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஸ்டுடியோக்கள் பல மூடப்பட்டன. எஞ்சியவை பாஸ்போர்ட் அளவுப் படங்களையும் கலியாணங்களையும் நம்பிக் காலம் தள்ளுகின்றன. இந்நிலையில் குடும்பத்துப் போட்டோக்காரரின் உள்ளத்தில் ஒரு சந்தேகம் எழுவது இயற்கையே. நாம் இத்தனை காலம் செய்தது கலையா, வெறும் கூலி வேலையா? ஆயிரக்கணக்கான முகங்களைப் பிடித்தோமே, அவற்றுள் ஒன்றாவது நிலைக்குமா? நம்மைக் கலைஞன் என்று சொல்லிக்கொள்ள நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

இதை ஒரு தனி மனிதரின் மனக்குறை என்று தள்ளிவிடலாகாது. ஜனங்களின் சரித்திரத்தைக் காப்பவர் யார் என்ற பெரிய கேள்வி இதனுள் அடங்கியிருக்கிறது.

திருப்பூர் கதரால் பெயர் பெற்ற ஊர். 1925-ல் தோன்றிய அகில பாரத சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை இங்கிருந்துதான் நடந்துவந்தது. 1932 ஜனவரியில் குமரன் தடியடிபட்டு விழுந்ததும் இவ்வூர்த் தெருவிலேதான். காந்தியடிகள் பன்முறை வந்து சென்ற ஊர் இது. ஆகவே, இவ்வூர்ப் போட்டோக்காரரின் சந்தேகத்திற்கு விடை தேடும்போது, அவ்வடிகளின் குடும்பத்திலேயே தோன்றிய ஒரு போட்டோக்காரரின் வாழ்வைப் பார்ப்பது பொருத்தமாகும். அவர் பெயர் கனு காந்தி.

மூன்று நிபந்தனைகள்

கனு 1917-ல் பிறந்தவர். காந்தியடிகளுக்குப் பங்காளி வழியில் பேரர். அவருடைய தந்தை நாரண்தாஸ் காந்தி ஆசிரமப் பணிகளில் தம்மை ஈடுபடுத்திக்கொண்டவர். வைத்தியம் படிக்க வேண்டுமென்று எண்ணியிருந்த கனு, பெற்றோரின் விருப்பப்படி சேவாகிராமத்திற்கு வந்து, கடிதப் போக்குவரத்தையும் கணக்கையும் கவனிக்கும் அலுவலில் அமர்ந்தார். படம் பிடிக்கும் ஆவல் அங்கேதான் வளர்ந்தது. காமிரா வாங்க ஆசிரமத்தில் பணம் ஏது? தொழிலதிபர் கன்சியாம்தாஸ் பிர்லா ரூ. 100 கொடுத்தார். அதைக்கொண்டு ரோலிபிளெக்ஸ் காமிரா ஒன்றும் பிலிமும் வாங்கப்பட்டன.

காந்தியடிகள் அனுமதி தந்தார். ஆனால் மூன்று நிபந்தனைகள் விதித்தார். பளிச்சிடும் விளக்கை உபயோகிக்கலாகாது. 'இப்படி நில்லுங்கள், அப்படிப் பாருங்கள்' என்று தம்மைக் கேட்கலாகாது. இந்த வேலைக்கு ஆசிரமம் ஒரு காசும் செலவிடாது.

தொழில் தெரிந்தவர்களுக்கு இந்த நிபந்தனைகளின் கடுமை விளங்கும். மண் சுவரும் தாழ்ந்த கூரையும் உள்ள குடிசை, உள்ளே அரையிருட்டு. அக்காலத்துப் பிலிம் மங்கிய ஒளியை எளிதில் பற்றாது. படத்திற்குரியவரோ ஓயாமல் எழுதுவார், பேசுவார், வேகமாக நடப்பார். ஒரு சுருள் பிலிமில் பன்னிரண்டு படங்களே கிடைக்கும். எடுத்தது தேறிற்றா, கலைந்ததா என்பது இருட்டறையில் கழுவிப் பார்க்கும்வரை தெரியாது. தன்னம்பிக்கை மிகுந்தவனையும் கலங்கவைக்கும் நிலை இது.

ஆயினும் இந்தத் தடைகளே கனுவின் கலையை உருவாக்கின என்பது நம் அபிப்பிராயம். விளக்குப் போட முடியாதவர் ஜன்னல் வழியே வரும் வெளிச்சத்திற்காகக் காத்திருக்கக் கற்றுக்கொள்வார். நிற்கச் சொல்ல முடியாதவர், எதிரிலுள்ளவரின் பழக்க வழக்கங்களைக் கவனித்து அறிந்துகொள்வார். ரோலிபிளெக்ஸ் காமிராவை மார்பளவில் பிடித்து, தலை குனிந்து, மேலிருக்கும் கண்ணாடியில்தான் பார்க்கவேண்டும். வணங்குபவரைப் போன்ற அந்த நிலை, பேரர் பாட்டனாரைப் படம் பிடிப்பதற்கு எவ்வளவு ஏற்றது!

1938 முதல் பத்து ஆண்டுக்காலம் கனு இவ்வாறு உழைத்தார். கஸ்தூரிபாய் அம்மையார் அடிகளின் பாதங்களைக் கழுவுவதையும், குஷ்டரோகியான பர்ச்சுரே சாஸ்திரிக்கு அடிகள் பணிவிடை செய்வதையும் அவர் படமாக்கினார். 1945-46 சுற்றுப்பயணத்தில் ரயில் ஜன்னல் வழியே கையை நீட்டி ஹரிஜன நிதிக்குக் காசு கேட்கும் மகாத்மாவையும் அவருடைய படங்களில் நாம் காண்கிறோம். மேடைமீது வீற்றிருக்கும் தலைவரை உலகத்துப் போட்டோக்காரர்களெல்லாம் எடுத்தார்கள். வீட்டிலிருக்கும் மனிதரை எடுத்தவர் கனு.

1946-ல் அமெரிக்காவின் லைஃப் பத்திரிகைக்காக மார்கரெட் போர்க்-வைட் அம்மையார் வந்தார். படம் எடுக்குமுன் ராட்டையில் நூற்கக் கற்றுக்கொள்ளும்படி அவரிடம் சொன்னார்கள். ராட்டையின் அருகே அடிகள் அமர்ந்திருக்க அவர் எடுத்த படம் உலகப் பிரசித்தி பெற்றது. அதன் அருமையை நாம் மறுக்கவில்லை. வெளியிலிருந்து வருபவருக்குச் சில மணி நேரம் கிடைக்கிறது. அதற்குள் அவர் ஒரு பெரும் படத்தை உண்டாக்கிவிடுகிறார். வீட்டாருக்குக் கிடைப்பது காலமும் நம்பிக்கையும். அவற்றைக்கொண்டு அவர் ஒரு வாழ்க்கையையே பதிந்துவைக்கிறார்.

எடுக்காத படங்கள்

கனுவின் வாழ்வில் எடுக்கப்படாத படங்களும் உண்டு. 1944 பிப்ரவரியில் ஆகாகான் மாளிகையில் அடிகளின் மடியில் தலை சாய்த்தபடி அன்னை கஸ்தூரிபாய் உயிர் துறக்கும் தறுவாயில், அதைப் படம் எடுக்க அடிகள் அனுமதிக்கவில்லை. கனு அடங்கி நின்றார். 1948 ஜனவரி 30-ந் தேதி டில்லியில் அடிகள் சுடப்பட்டபோது அவரைத் தாங்கி நடந்தவர்களுள் ஒருவர் கனுவின் மனைவி ஆபா. ஆனால் கனுவோ சேவையின் பொருட்டு வெகு தூரத்தில், நவகாளியில் இருந்தார். தம் தலைமுறையின் மிகப் பெரிய துயரம் நிகழ்ந்த இடத்தில் அவருடைய காமிரா இல்லை.

இதனால் அவர் தொழில் குறைவுபட்டதா? இல்லையென்றே சொல்வோம். எதை எடுக்கலாகாது என்று உணர்ந்தவனிடந்தான் ஒரு குடும்பம் தன் கதவைத் திறந்துவைக்கும். பின்னாளில் ராஜ்கோட்டுக்கு அருகில் கிராமப் பணியில் ஈடுபட்ட கனு 1986-ல் காலமானார். உயிரோடு இருந்தவரையில் அவர் படங்கள் பரவியதைப்போல் அவர் பெயர் பரவவில்லை. 2015-ல் டில்லி நஸார் பவுண்டேஷன் அவருடைய படங்களைத் தொகுத்து நூலாக வெளியிட்ட பிறகே, அவரைத் தனித்த ஒரு கலைஞராகப் பலரும் அறிந்தார்கள்.

நம் கடமை

இப்பொழுது திருப்பூருக்குத் திரும்புவோம். இவ்வூர்ப் போட்டோக்காரருக்குக் காந்தியடிகள் வாய்க்கவில்லை, உண்மைதான். ஆனால் நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்குமேல் எந்தக் கைகளால் ஆனதோ, அந்தக் கைகளுக்குரிய முகங்கள் அவரிடம் வந்தன. கைமடிக்கும் சிறுமி வளர்ந்து மணப்பெண்ணாகி, பின்னர் தாயாகி அவர் காமிராவின்முன் நின்றாள். அவள் எப்பொழுது இவ்வூருக்கு வந்தாள், எப்பொழுது முதல் நகை அணிந்தாள், கணவனோடு ஒரே பெஞ்சில் சரிசமமாக அமரும் துணிவு எப்பொழுது வந்தது என்பதையெல்லாம் எந்தக் கம்பெனிக் கணக்கும் சொல்லாது. அந்த நெகடிவ்கள் சொல்லும்.

நம் தேசத் தொண்டர்களுக்கும் கட்சி ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. கூட்டம் நடந்தால் போட்டோக்காரரை அழைக்கிறோம். தலைவருக்கு மாலை விழும் கணத்தில் படத்தில் முகம் தெரியவேண்டுமென்று முண்டியடிக்கிறோம். அந்தப் படங்களைப் பத்திரப்படுத்துகிறோம். நாம் யாருக்காகப் பேசுகிறோமோ அந்தத் தொழிலாளியின் குடும்பப் படம் பழைய இரும்புக்கடைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருக்கிறோம். இது நியாயமா?

வழி இல்லாமற் போகவில்லை. கோட்டையூர் ஏ. கே. செட்டியார், காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்கள் உலகெங்கும் சிதறிக் கிடந்ததைக் கண்டு, தேசம் தேசமாக அலைந்து சுமார் 50,000 அடி பிலிம் சேர்த்து, 1940-ல் ஒரு முழுப் படமாக்கினார். நம் காலத்திலும் புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களைத் தேடிச் சென்று, குடும்பப் படங்களைப் பிரதியெடுத்துப் பாதுகாத்திருக்கிறார்கள். திருப்பூர், அவிநாசி, பல்லடம் வட்டாரத்து வாசகசாலைகளும் தொழிற்சங்கங்களும் இக்காரியத்தை மேற்கொள்ள எது தடை? மூடப்படும் ஸ்டுடியோவின் பெட்டிகளைக் கேட்டு வாங்குங்கள். படத்தின் பின்புறத்தில் பெயர், ஊர், ஆண்டு, செய்த வேலை ஆகியவற்றை எழுதிவையுங்கள். படத்திற்குரிய குடும்பத்தாரின் சம்மதத்தைக் கேளுங்கள். கனுவுக்குக் கிடைத்த பாடம் அதுவே.

போட்டோக்காரருக்கு நாம் சொல்வது இது. ஐயா, சந்தேகம் தங்களுக்குக் குறையல்ல. இன்னும் நன்றாக எடுத்திருக்கலாமே என்று எண்ணுபவரே மறுநாள் கவனமாக எடுக்கிறார். அந்தப் பெட்டிகளை மட்டும் இன்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். தூசி தட்டி, எண் போட்டு வையுங்கள். தேனியில் ஒரு தாயார் தம் மகனுடைய நலத்தை அறிந்தது தாங்கள் எடுத்த படத்தினால்தான். அந்தத் தாயாரின் பேரன் நாளை தன் குலம் உழைத்து முன்னேறிய வரலாற்றை அறிய விரும்பினால், அவனும் தங்களிடந்தான் வரவேண்டும்.