பட்டெடுக்க ஆரணிக்குப் போறீங்களா? பில்லைப் பார்த்து வாங்குங்க!

ஆடித் தள்ளுபடி போர்டுகளை இறக்கிவிட்டார்கள். ஆவணி முகூர்த்தப் பத்திரிகைகள் அச்சுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வேன் பேசிக்கொண்டு குடும்பம் குடும்பமாக ஆரணிக்குப் பட்டெடுக்க வருவார்கள். பாட்டி, அத்தை, நாத்தனார் என்று பத்து பேர் வந்தாலும் புடவையைப் புரட்டிப் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர்தான் இருப்பார். அப்படி ஒருவர் கூட வராதவர்களுக்காக இந்தக் கட்டுரை.

ரயிலில் வருகிறவர்களுக்கு முதலில் ஒரு எச்சரிக்கை. ‘ஆரணி ரோடு’ என்ற பெயர்ப்பலகையைப் பார்த்து இறங்கிவிட்டு ஊரைத் தேடாதீர்கள். ஊர் அங்கிருந்து தள்ளி இருக்கிறது, பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். வேலூர் வரை வந்துவிட்டால் சுமார் 40 கிலோமீட்டர்தான், பஸ்ஸே சௌகரியம். காலையிலேயே போய்விடுங்கள். கடை விளக்கில் அரக்காகத் தெரிவது வெயிலில் வேறு சிவப்பாக இருக்கும். வாசலுக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.

ஏன் ஆரணி? இங்கே நெய்யும் புடவை எடை குறைவு. கட்டி நடமாடச் சுலபம், ஜரிகை மிதம், விலையும் காஞ்சிபுரத்தைவிடக் கையைக் கடிக்காது. கட்டம் போட்ட பட்டுக்குப் பேர் போன ஊர். புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. ஆனாலும் ஆரணியிலும் சுற்றுவட்டாரத்து ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு, தேவிகாபுரம் தறிகளிலும் இறங்கும் புடவைகளில் எத்தனையோ பெரிய நகரத்துக் கடைக்குப் போனதும் ‘காஞ்சிப் பட்டு’ ஆகிவிடுகின்றன. ஊர் மாறினால் விலையும் மாறும். நேரே இங்கே வந்து வாங்குவதில் உள்ள லாபம் அதுதான்.

நூலும் ஜரிகையும்

முந்தானை ஓரத்துப் பிசிரிலிருந்து ஒரு பட்டு இழையை எடுத்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடியானால் பட்டு. உருகி உருண்டையாக இறுகினால் பாலியெஸ்டர். காகிதம் எரிகிற வாடை வந்தால் ரேயானோ பருத்தியோ கலந்திருக்கிறது. பாவில் ஒன்று, ஊடையில் ஒன்று என்று கலப்பதும் உண்டு என்பதால் நீள இழை, குறுக்கு இழை இரண்டையும் சோதிக்க வேண்டும்.

அசல் ஜரிகையில் சிவப்புப் பட்டு இழையின்மேல் வெள்ளிக் கம்பி சுற்றி, தங்கமுலாம் பூசியிருப்பார்கள். நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரிய வேண்டும். வெள்ளையோ மஞ்சளோ தெரிந்தால் விலையைப் பற்றி மறுபடி பேசலாம். இதைவிட மலிவான ‘ஹாஃப் ஃபைன்’, ‘டெஸ்டட்’ ஜரிகைகள் வாங்கக்கூடாதவை அல்ல. அசல் விலையில் வாங்கக்கூடாதவை.

தறி எது?

நூலையும் ஜரிகையையும் சோதிக்கிறவர்கள்கூடக் கேட்காமல் விடுகிற கேள்வி ஒன்று இருக்கிறது. இது கைத்தறியா, விசைத்தறியா?

‘சில்க் மார்க் இருக்கே, போதாதா?’ என்பார்கள். போதாது. 2004இல் வந்த அந்த முத்திரை, நூல் சுத்தப் பட்டு என்று மட்டும்தான் உறுதி சொல்கிறது. விசைத்தறியில் ஓட்டிய சுத்தப் பட்டுக்கும் அது கிடைக்கும். கைத்தறிக்கென்று 2006இல் தனி முத்திரையே வந்தது, அதன் பெயர் ஹேண்ட்லூம் மார்க். கடையில் அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் மிகக் குறைவு.

சட்டமும் இருக்கிறது. சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டுமே ஒதுக்கி 1985இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 22 ரகங்களோடு தொடங்கிய பட்டியல் பிறகு 11 ஆகச் சுருங்கியது. பார்டரும் முந்தானையும் வைத்த பட்டுப்புடவை அதில் இன்னும் இருக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது தறி ஒன்றுக்கு 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 1985 சட்டத்தில் எழுதிவைத்தார்கள். நல்ல முகூர்த்தப் புடவை ஒன்றின் விலைகூட இல்லாத அபராதத்துக்கு யார் பயப்படுவார்கள்?

கைத்தறியில் ஒரு புடவை இறங்க, வேலைப்பாட்டைப் பொறுத்து நான்கைந்து நாளிலிருந்து இரண்டு வாரம்வரை ஆகும். விசைத்தறிக்கு ஒரு நாள் போதும். குழித்தறியில் உட்கார்ந்திருப்பவர் ஒருவர் என்றாலும் உழைப்பது ஒரு வீடு. தார் சுற்றுவது வீட்டுப் பெரியவர்கள், இழை அறுந்தால் பிணைக்க மனைவி, பார்டருக்குத் தனி நிற ஊடை கொடுத்து உடலோடு பிணைக்கும் கோர்வை என்றால் மறுபக்கம் நாடா தள்ள இன்னொரு கை. கூலி மட்டும் ஒரு புடவைக்கு இவ்வளவு என்றுதான். 2023இல் தமிழக அரசு கைத்தறிக்கு இலவச மின்சாரத்தை இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டிலிருந்து 300 ஆக்கியது. நல்லதுதான். ஆனால் விளக்கெரிய மின்சாரம் இருந்தால் தறியில் உட்கார ஆள் வந்துவிடுமா? செய்யாறு சிப்காட்டின் ஷூ கம்பெனி பஸ்கள் கிராமம் கிராமமாக வந்து ஆள் ஏற்றுகின்றன. மாதம் பிறந்தால் சம்பளம், பி.எஃப். கைத்தறி விலைக்கு விசைத்தறிப் புடவை விற்கிற ஊரில், மகனைத் தறியில் உட்காரச் சொல்ல எந்த அப்பாவுக்கு மனசு வரும்?

எல்லோராலும் கைத்தறிப் பட்டு வாங்க முடியாது, நாங்களும் தொழிலாளிக்குச் சோறு போடுகிறோம் என்கிறார்கள் விசைத்தறிக்காரர்கள். இருக்கட்டும். விசைத்தறி என்று சொல்லி, விசைத்தறி விலைக்கு விற்கட்டும்.

கண்ணால் பார்த்தே தறியைக் கண்டுபிடிக்க முடியுமா? ஓரளவுக்கு. புடவையைத் திருப்பிப் போட்டு, உடலும் பார்டரும் சேரும் இடத்தைத் தடவிப் பாருங்கள். கோர்வை போட்ட புடவையில் அங்கே இரு நிற ஊடையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பது கைக்குத் தெரியும். நெசவில் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் இருந்தால் குறை என்று ஒதுக்காதீர்கள். ஆனாலும் பழகிய கண்ணே ஏமாறும் காலம் இது. அதனால் முத்திரையையும் பில்லையும்தான் நம்ப வேண்டும்.

வாங்கிய பிறகு

பிளாஸ்டிக் கவரோடு பீரோவில் வைக்காதீர்கள். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள், இல்லாவிட்டால் மடிப்பிலேயே இற்றுப்போகும். சென்ட் ஜரிகையில் படக்கூடாது. பாச்சை உருண்டையைவிட வசம்பு நல்லது. ‘பழைய பட்டுப்புடவை வாங்குறது’ என்று தெருவில் குரல் கேட்டால் அவசரப்படாதீர்கள். அவர் விலை பேசுவது ஜரிகையிலுள்ள வெள்ளிக்காகத்தான். அசல் ஜரிகை என்றால் இரண்டு மூன்று இடத்தில் விசாரித்துவிட்டுக் கொடுங்கள்.

இவ்வளவும் மறந்துபோனாலும் பரவாயில்லை, ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பணம் கட்டுமுன், பில்லில் ‘கைத்தறி, சுத்தப் பட்டு’ என்று எழுதச் சொல்லுங்கள். நேர்மையான கடைக்காரர் உடனே எழுதிக் கொடுப்பார், அவருக்கு அதில் நஷ்டமில்லை. தயங்குகிற கடையில் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது அடுத்த கடைக்கு நடங்கள். ஆரணியில் கடைக்குப் பஞ்சமில்லை. தறியில் உட்கார ஆளுக்குத்தான் பஞ்சம் வந்துகொண்டிருக்கிறது.